பொதியின் நேரமும் மனிதனின் நேரமும்: ஒரு நூற்றாண்டுக் கணக்கு

2025 டிசம்பர் 25, 31 ஆகிய நாட்களில் இந்தியாவின் பல நகரங்களில் உணவு, மளிகை விநியோகப் பணியாளர்கள் செயலிகளை அணைத்துவைத்து வேலைநிறுத்தம் செய்தனர். அடுத்த மாதமே ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகத்தின் வற்புறுத்தலால் ‘10 நிமிடங்களில் விநியோகம்’ என்ற விளம்பர வாசகம் கைவிடப்படத் தொடங்கியது. இதை வேகம் பற்றிய சர்ச்சையாகவே பெரும்பாலோர் பேசினர். நிறுவனங்களும் அவ்வாறே விடையிறுத்தன: கிடங்குகள் அருகருகே இருப்பதால்தான் விரைவு சாத்தியமாகிறது, வண்டியை விரைந்து ஓட்டுமாறு எவரையும் நாங்கள் பணிக்கவில்லை என்றன. இந்த விடையை முற்றிலும் பொய்யென ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால், தொழிலாளர் வரலாற்றைப் பயில்வோர் கேட்கவேண்டிய கேள்வி வேறு. அந்த 10 நிமிடங்கள் யாருடைய நேரம்? பொதியின் நேரமா, அதைச் சுமப்பவரின் நேரமா?

இக்கேள்வி புதியதன்று. வாரன் ஹேஸ்டிங்ஸ் 1774இல் கம்பெனியின் தபாலைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார். 1837ஆம் ஆண்டுச் சட்டம் தபால் எடுத்துச்செல்லும் தனியுரிமையை அரசுக்கு அளித்தது. இந்த அமைப்பு முழுவதும் ஹர்காராக்கள் எனவும் தபால் ஓட்டக்காரர்கள் எனவும் அழைக்கப்பட்ட மனிதர்களின் கால்களை நம்பியே இயங்கியது. மணி கட்டிய ஈட்டியும் தோளில் பையுமாக அவர்கள் ஓடும் சித்திரம் நமக்குப் பழக்கமானது. அப்பையோடு பயணித்த ஒரு தாள் அவ்வளவாக நம் நினைவில் இல்லை. அதுதான் நேரப்பட்டியல். ஒவ்வொரு கட்டத்திலும் பை எப்போது வந்தது, எப்போது புறப்பட்டது என்பது அதில் பதியப்பட்டது. தாமதத்திற்குத் தண்டம் விதிக்கப்பட்டது. சித்ரா ஜோஷி 2012இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, இந்த ஓட்டக்காரர்களைக் காலனிய உழைப்பு வரலாற்றின் மையத்திற்குக் கொண்டுவந்தது.

நேரப்பட்டியல் எதைப் பதிந்தது என்பதைக் காட்டிலும் எதைப் பதியவில்லை என்பது முக்கியமானது. அது பையின் பயணத்தைப் பின்தொடர்ந்த ஆவணம். முந்தைய கட்டத்திலிருந்து பை வரும்வரை அடுத்த ஓட்டக்காரர் எத்தனை நாழிகை விழித்துக் காத்திருந்தார் என்பதை அறிய அதில் இடமில்லை. பை நகர்ந்தால் நேரம் உண்டு. மனிதன் காத்திருந்தால் நேரம் இல்லை.

இந்த நிலையை மாற்றியது நிர்வாகத்தின் நல்லெண்ணம் அன்று. 1946 ஜூலை 11இல் அகில இந்தியத் தபால்காரர் மற்றும் கீழ்நிலை ஊழியர் சங்கம் தொடங்கிய வேலைநிறுத்தம் ஊதியம், அகவிலைப்படி, பணிநிலைமைகள் ஆகியவற்றை முன்வைத்தது. தந்தி, தொலைபேசி ஊழியர்களும் உடன்சேர்ந்தனர். ஜூலை 29இல் அதற்கு ஆதரவாகக் கல்கத்தா நகரமே முடங்கியது. கடிதம் கொண்டுவருபவர் ஓர் ஊழியர், அவருக்கும் துறைக்கும் இடையில் பேரம் பேசத்தக்க உறவு உண்டு என்பதை நாடு முழுவதும் உணரச்செய்த நிகழ்வு அது.

தபால்துறை அரசின் கையில் இருந்தது. தனியார் சாலைப் போக்குவரத்தில் இதே கேள்விக்குச் சட்டம் விடை தந்தது 1961இல். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்ற பொது வரம்பை விதித்தது. மாணவர்கள் வழக்கமாக இந்த எண்களோடு நின்றுவிடுகிறார்கள். அதன் வரையறைப் பிரிவைப் படிக்குமாறு வேண்டுகிறேன். ‘வேலை நேரம்’ என்பது தொழிலாளர் முதலாளியின், அல்லது அவரது சேவையைக் கோரும் உரிமையுள்ள பிறரின் ஏவலுக்கு ஆயத்தமாக இருக்கும் நேரம் என்று அது வரையறுத்தது. வண்டி ஓடும் நேரம் அதன் ஒரு பகுதி மட்டுமே. கணக்கு ஒப்படைத்தல், பதிவேட்டில் கையெழுத்திடுதல், வண்டியை எடுத்துவருதல், சரக்கு ஏற்றி இறக்குதல் போன்ற துணைப்பணிகளும் வேலை நேரமே. முனையத்தில் 15 நிமிடங்களுக்குக் குறைவாக வெறுமனே காத்திருப்பதும் வேலை நேரமே.

1939ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலமைப்பு உடன்படிக்கை (எண் 67) ஏறத்தாழ இதே சொற்களைக் கொண்டிருந்தது. உலக அளவில் எழுந்த ஒரு கருத்து இந்தியச் சட்டமாக இவ்வாறு உருப்பெற்றது: காத்திருப்பும் உழைப்பே.

இச்சட்டத்தைப் பொற்காலச் சான்றாகக் காட்டுவது பிழையாகும். ஐந்து தொழிலாளர்களுக்கும் குறைவாகக் கொண்ட சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. ஓரிரு லாரிகளை வைத்திருப்போரே மிகுந்த நம் நாட்டில், நெடுஞ்சாலை ஓட்டுநர்களில் பலருக்கு 8 மணி நேரம் ஏட்டளவிலேயே இருந்தது. எனினும், மீறப்பட்ட விதிக்கும் இல்லாத விதிக்கும் வேறுபாடு உண்டு. மீறலை எடுத்துக்காட்டி வழக்காடலாம். இல்லாத ஒன்றைக் காட்ட இயலாது.

இன்றைய விநியோகப் பணியாளர் நிற்பது அந்த இரண்டாம் நிலையில்தான். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அது கிக் தொழிலாளரை மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உழைப்பவர் என்றே வரையறுக்கிறது. செயலி நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை நலநிதிக்கு அளிக்க வேண்டும் என்கிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் நலநிதி வேறு, வேலை நேரம் வேறு. உணவகத்தின் வாயிலில் சமையல் முடியும்வரை நிற்கும் 20 நிமிடங்கள் எந்தக் கணக்கில் சேரும் என்பதற்கு அதில் விடையில்லை.

விரும்பும்போது செயலியைத் திறக்கலாம், விரும்பாதபோது மூடலாம், ஆகவே காத்திருப்பு அவரது சொந்த நேரமே என்பது நிறுவனங்களின் வாதம். ஊக்கத்தொகை குறிப்பிட்ட மணிநேர இணைப்போடும் நெரிசல் நேர வருகையோடும் பிணைக்கப்படும் இடங்களில் இவ்வாதம் வலுவிழக்கிறது. பணியை மறுத்தால் வருமானம் குறையும், கணக்கே முடக்கப்படலாம் என்றிருக்கையில், அவர் 1961ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன பொருளில் ஏவலுக்கு ஆயத்தமாகவே இருக்கிறார். ‘பங்குதாரர்’ என்ற பெயர் அந்த உண்மையை மாற்றுவதில்லை.

கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம் பணிநீக்கத்திற்கு 14 நாள் முன்னறிவிப்பைக் கோருகிறது. தானியங்கி முடிவுமுறைகளைப் பற்றி அறியும் உரிமையையும் ஏற்கிறது. இங்கிருந்து ஒரு படி மேலே செல்லலாம். ஓட்டக்காரரின் காத்திருப்பை நேரப்பட்டியல் பதியவில்லை. இன்றைய செயலியோ, பணியாளர் எந்த நொடியில் கடையை அடைந்தார், எந்த நொடியில் பொதியைப் பெற்றார் என்பதை அறியும். வரலாற்றில் முதன்முறையாகக் காத்திருப்பு முழுமையாக அளக்கப்படுகிறது. ஆனால் அந்த அளவு நிறுவனத்தின் சேமிப்பகத்தில் இருக்கிறது. உழைத்தவரிடமும் இல்லை, தொழிலாளர் ஆய்வாளரிடமும் இல்லை.

10 நிமிட வாசகம் நீங்கியதை வெற்றியாகக் கொண்டாடுவோர் இதையும் கருதவேண்டும். விளம்பரத்திலிருந்து ஓர் எண் அகன்றிருக்கிறது. ஊதியக் கணக்கில் காத்திருப்பு இன்னும் இடம்பெறவில்லை. ஆய்வு மாணவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. விநியோகப் பணியாளர்களை நேர்காணும்போது எத்தனை பொதிகள், எவ்வளவு வருமானம் என்பவற்றோடு நிறுத்திவிடாதீர்கள். இன்று எங்கெங்கே, எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்றும் கேட்டு எழுதிவையுங்கள். நாளை ஒரு சட்டமோ தீர்ப்போ இக்கேள்வியை எடுத்துக்கொள்ளும்போது, நிறுவனத்தின் கணக்கோடு ஒப்பிடுவதற்கு வேறொரு கணக்கும் இருக்க வேண்டும்.