பத்தில் ஒரு பங்கு: அமெரிக்க உள்நாட்டு யுத்தமும் தென்ராஜ்யங்களின் அரசும்

உள்நாட்டு யுத்தம் ஒரு தேசத்தை எவ்வாறு பாதிக்கிறது என்று ஆராயப் புகுந்தோர், அரசாங்கம், பொருளாதாரம், சமூகம் என விஷயத்தை மூன்றாகப் பகுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நேர்ந்த நஷ்டத்தைத் தனித்தனியே கணக்கிடுவது வழக்கமாக இருந்து வருகிறது. கற்பிப்பதற்கு இப்பகுப்பு வசதியானதே. ஆனால் 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த யுத்தத்தை, அதிலும் பிரிந்துபோன தென்ராஜ்யங்களின் சரித்திரத்தை நெருங்கிப் பார்க்குங்கால், அரசு தன் குடிகளிடமிருந்து ஆளையும் தானியத்தையும் எவ்வழியில் பெற்றது என்னும் ஒரே வினாவில் இம்மூன்றும் பிரிக்கவொண்ணாதபடி பின்னிக் கிடக்கக் காண்கிறோம். அவ்வழியே அரசின் உருவத்தை மாற்றியது, நாணயத்தைக் கெடுத்தது, குடியானவனுக்கும் பண்ணை முதலாளிக்கும் இடையே இருந்த உடன்பாட்டை முறித்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பிரிந்த ராஜ்யங்கள் 1861 மார்ச்சில் ஏற்றுக்கொண்ட சாசனம் அடிமை உடைமைக்கு வெளிப்படையான அரண் செய்தது. அத்துடன், உள்நாட்டுத் தொழில்களைக் காப்பதற்கான சுங்கவரியை மத்திய அரசு விதிக்கலாகாது என்றும், பாதை, கால்வாய் முதலிய பணிகளுக்குப் பொதுநிதியைப் பெரும்பாலும் செலவிடலாகாது என்றும் தடுத்தது. மத்திய அதிகாரத்தின்மீது இத்துணை ஐயங்கொண்டு பிறந்த அரசுதான், ஓராண்டு கழிந்த மாத்திரத்தில், 1862 ஏப்ரலில், அமெரிக்க சரித்திரத்திலேயே முதன்முறையாகத் தேசம் தழுவிய கட்டாய ராணுவச் சேவையை விதித்தது; வடபகுதி அதைச் செய்தது அடுத்த ஆண்டில்தான். அகஸ்டா நகரில் அரசே மாபெரும் வெடிமருந்து ஆலையை நடத்தியது. ஜார்ஜியாவின் கவர்னர் ஜோஸப் பிரவுன் கட்டாயச் சேவையை எதிர்த்து வாதாடினார். உபஜனாதிபதி அலெக்ஸாந்தர் ஸ்டீபன்ஸே தம் அரசாங்கத்தைக் கொடுங்கோன்மை என்னும்படி கண்டித்தார். அவர்கள் பிடித்து நின்ற கொள்கை ஸ்தாபகர்களின் கொள்கையேயாயினும், அக்கொள்கையைக் கொண்டு ஒரு சேனையை ஒரு மாதமும் போஷித்திருக்க முடியாது என்பதே என் எண்ணம்.

போஷிப்பதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? தெற்கின் செல்வமெல்லாம் நிலத்திலும் அடிமைகளிலும் முடங்கிக் கிடந்தது. பருத்தியைக் கொடாமல் நிறுத்தினால் இங்கிலாந்து இறங்கி வரும் என நம்பி 1861-இல் அதைத் தாமாகவே தேக்கினார்கள். பின்னர் விற்க விரும்பியபோது வடக்கின் கப்பற்படை துறைமுகங்களை அடைத்துவிட்டது. நிலத்துக்கும் அடிமைக்கும் வரி போடச் சட்டசபையில் இருந்த பண்ணை முதலாளிகளுக்கு மனம் வரவில்லை. ஆகவே நோட்டு அச்சடிக்கப்பட்டது. அரசின் வருவாயில் பாதிக்கு மேல் இக்காகிதமாகவே இருக்க, வரியால் கிடைத்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. யுத்த முடிவில் விலைவாசி தொடக்கத்தைப்போல் 90 மடங்குக்கு ஏறிவிட்டது. வடபகுதியும் நோட்டு அச்சடித்ததுதான். எனினும் வருமான வரியையும், சாமானியர்களுக்கே விற்ற கடன்பத்திரங்களையும் ஆதாரமாகக் கொண்டமையால் அங்கு விலை இருமடங்கை எட்டவில்லை.

காகிதத்துக்குச் சரக்கு கிடையாதெனக் கண்டதும் அரசு சரக்கையே எடுக்கத் தலைப்பட்டது. 1863 மார்ச்சில் தானே குறித்த விலைக்குத் தானியத்தைப் பறிமுதல் செய்யும் சட்டமும், ஏப்ரலில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தானியமாகவே செலுத்தும் வரியும் வந்தன. ஆறில் ஒரு கூறு அரசனுக்கு உரியது என்று நூல்களில் படித்து வளர்ந்த நமக்குப் பத்தில் ஒன்று கொடிதாகத் தோன்றாது. ஆனால் விளைப்பதற்கு யார் எஞ்சியிருந்தார்கள் என்பதையல்லவா நோக்கவேண்டும்? 1862 அக்டோபரில் இயற்றிய சட்டத்தின்படி, இருபது அடிமைகளுக்குக் குறையாத பண்ணையொன்றுக்கு வெள்ளையர் ஒருவர் ராணுவத்திலிருந்து விலக்குப் பெறலாம். அடிமையில்லாத சிறு குடியானவனோ சேனையில் இருந்தான். அவன் மனைவி ஏர் பிடித்து விளைத்த சோளத்தில் பத்தில் ஒன்றை அதிகாரி அளந்துகொண்டு போனான். அப்படி அளந்ததிலும் ஒரு பகுதி, ஏற்றிச் செல்ல வண்டியின்றி ரயில் நிலையங்களில் அழுகிப் போயிற்று. 1863 ஏப்ரல் 2-ஆம் தேதி தலைநகரான ரிச்மண்டில் பெண்கள் திரண்டு கடைகளை உடைத்து ரொட்டியும் மாமிசமும் எடுத்துச் சென்றபோது, ஜனாதிபதி ஜெபர்சன் டேவிஸே தெருவுக்கு வந்து கூட்டத்தைக் கலைக்கவேண்டியதாயிற்று. கணவனை விடுவித்துத் தரும்படி கவர்னர்களுக்குப் பெண்கள் எழுதிய விண்ணப்பங்கள் ஏராளம். வீட்டில் பட்டினி என்ற கடிதம் பாசறையை அடைந்த பிறகு எத்தனையோ சிப்பாய்கள் துப்பாக்கியோடு ஊர் திரும்பினார்கள். அவர்களைக் கோழைகள் என்று எழுதிய ஆசிரியர்களை என்னால் மன்னிக்க இயலவில்லை.

அடிமைகள் இந்த யுத்தத்தை வெறுமனே பார்த்திருந்தவர்களல்லர். பண்ணைகளைத் துறந்து வடக்கின் பாசறைகளுக்கு ஓடிய அவர்களது செயலைப் பொது வேலைநிறுத்தம் என்றே சரித்திராசிரியர் டூபாய்ஸ் 1935-இல் தாம் வெளியிட்ட நூலில் கொண்டார். கறுப்பர்கள் ஏறத்தாழ 1,80,000 பேர் வடக்கின் சேனையில் சேர்ந்தனர். உழைப்பும் போய் ஆளும் அற்ற நிலையில், அடிமைத்தனத்தைக் காக்கவே எழுந்த அந்த அரசு, 1865 மார்ச்சில், அடிமைகளையே சிப்பாய்களாகச் சேர்த்துக்கொள்ளச் சட்டம் செய்தது. சில வாரங்களில் அரசே இல்லாதொழிந்தது.

தெற்கின் பருத்தி வெளியேறாமையால் எழுந்த பஞ்சுப் பஞ்சத்தின் அலை நம் கரிசல் காடுகளையும் தொட்டது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் பஞ்சுக்கு அலைந்த அந்நாளில் திருநெல்வேலிப் பருத்தி அரிய விலை பெற்று, அமைதி திரும்பியதும் அவ்விலையை இழந்தது.

அமெரிக்கத் தெற்கிலோ, யுத்தம் முடிந்ததும் ஏறத்தாழ 40 லட்சம் அடிமைகள் விடுதலை பெற்றனர், நிலம் பெறவில்லை. கெட்ட நாணயத்தோடு வங்கிகளும் அழிந்தமையால் கூலி கொடுக்கக் காசில்லாத நிலக்காரரும், விதைக்கு வழியில்லாத உழைப்பாளியும் வாரச் சாகுபடியில் வந்து கூடினர். விளைச்சலில் பெரும்பாலும் பாதி நிலத்துக்குப் போயிற்று. மீதிப் பாதியை, மாவும் உப்பும் கடனாகக் கொடுத்த கடைக்காரர், அறுவடைக்கு முன்பே ஈடாக எழுதி வாங்கிக்கொண்டார். யுத்தத்தில் நிலமிழந்த வெள்ளைக் குடியானவரும் காலக்கிரமத்தில் இதே கணக்குப் புத்தகத்தில் வந்து விழுந்தனர். கடைக்காரர் ஈடாக ஏற்றது பருத்தி ஒன்றையே. ஆதலால் வீட்டு வாசல்வரை பருத்தி விதைக்கப்பட்டது, சோளம் வெளியூரிலிருந்து கடனுக்கு வந்தது.