தேக்கா மாட்டுக் கொட்டில்களும் நகராட்சியும்

இறைவனின் திருமுழுக்கிற்குரிய பால் இந்நாளில் பெரும்பாலும் கடைகளிலிருந்து பொட்டலங்களாக வருகின்றது. ஆனால், தைப்பூசப் பால்குடங்கள் புறப்படும் சிராங்கூன் சாலையிலேயே ஒரு காலத்தில் கறவை மாடுகள் கட்டப்பட்டிருந்தன என்பதை நம் இளையோர் பலர் அறியார்.

ரோச்சோர் ஆற்றையொட்டிய அப்பகுதி சதுப்பு நிலமாக இருந்தது. வீடு கட்ட ஏற்றதன்று. எனினும் மாடுகளுக்கு வேண்டிய புல்லும் நீரும் அங்கே நிறைந்திருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகர் ஐ.ஆர். பெலிலியோஸ் அங்கு மாட்டு வணிகம் செய்தார். இந்தியத் தொழிலாளர் பலருக்கு வேலை கிடைத்தது. வட இந்தியரும் தமிழரும் குடும்பம் குடும்பமாகப் பால் தொழிலில் ஈடுபட்டனர். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, பெலிலியோஸ் ரோடு என்னும் பெயர்கள் அதற்குச் சான்று. 'கண்டாங் கெர்பாவ்' என்பதன் பொருளே எருமைத் தொழுவம். அப்பெயர் தாங்கிய மருத்துவமனை 1924 முதல் மகப்பேற்று மருத்துவமனையாக விளங்கியதால், இந்நாட்டவருள் பல்லாயிரவருக்குப் பிறந்த இடம் எருமைத் தொழுவமே என வேடிக்கையாகச் சொல்லலாம்!

பால்காரக் குடும்பத்திற்கு ஓய்வுநாள் கிடையாது. விடியுமுன் ஒரு கறவை, பிற்பகலில் மறு கறவை. புல் அறுப்பதும் சாணம் அள்ளுவதும் வீட்டார் அனைவரின் வேலை.

நகரம் வளர்ந்தது, சதுப்பு வடிக்கப்பட்டது, நிலத்தின் விலை ஏறியது. கொட்டில் கழிவும் கொசுவும் நகராட்சிக்குத் தொல்லையாயின. 1930களில் அங்கே மாடு வளர்ப்பதற்குத் தடை வந்தது. சுகாதாரக் காரணங்களைப் பொய்யென்று சொல்வதற்கில்லை. பாலில் நீர் கலந்தவரும் இருந்திருப்பர். ஆயினும், 1929இல் புக்கிட் தீமாவில் ஐரோப்பியர் பெருமுதலுடன் தொடங்கிய பால்பண்ணைக்கு இருந்த வசதி, நான்கு மாடு வைத்திருந்தவருக்கு ஏது?

இதில் முதன்மையாகக் கருதவேண்டியது ஒன்றுண்டு. விதி வகுத்த அவையில் பால்காரர்தம் குரலுக்கு இடமில்லை. முன்பு வரி செலுத்துவோர் நகராட்சி ஆணையர் சிலரைத் தேர்ந்தெடுத்து வந்தனர்; 1913இல் அத்தேர்தலும் ஒழிக்கப்பட்டது. பின்னர் ஆளுநர் நியமித்தவர்களே அமர்ந்தனர். கொட்டிலை அகற்றுவது பற்றி முடிவெடுத்தவர் எவரும் கொட்டில்காரரிடம் வாக்குக் கேட்டு வரவேண்டியிருக்கவில்லை.

நகராட்சித் தேர்தல் மீண்டும் நடந்தது 1949இல்தான். 27 இடங்களில் 18 இடங்களுக்கு மக்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர். 1957 டிசம்பரில் நகர மன்றத்தின் 32 இடங்களுக்கும் தேர்தல் நடைபெற்றது. 1959இல் அரசாங்கமே அம்மன்றத்தின் பணிகளை ஏற்றுக்கொண்டது. அந்தப் பத்தாண்டுக்குள் பால்காரர் ஒருவர் தம் கொட்டிலுக்காக வாக்களிக்க விரும்பியிருந்தாலும், தேக்காவில் காப்பதற்குக் கொட்டில் எஞ்சியிருக்கவில்லை.