காசநோய்ச் சிகிச்சை

பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும் காசநோயைக் குணப்படுத்தும் முறைகளின் வரலாறு. நோய்க்கிருமியைக் கண்டறிந்ததை ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். ஆனாலும் அதைக் கொல்லும் மருந்து வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை நல்ல காற்று, படுக்கை ஓய்வு, பால், முட்டை இவைதாம் வைத்தியம். டாக்டர் சௌரிமுத்து 1928இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம், அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை, அந்தக் காலத்தது.

1943இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அதை மட்டும் தனியாகப் போட்டால் சில மாதங்களில் கிருமி மருந்துக்கு மசியாமல் போனது. ஆகவே பாஸ் (PAS) என்ற மருந்து, 1952இல் வந்த ஐசோநியாசிட் ஆகியவற்றோடு சேர்த்துக் கொடுத்தார்கள்.

ஆனால் சிகிச்சையைச் சானடோரியத்தில் வைத்தே தருவது வழக்கம்; எல்லா நோயாளிகளுக்கும் அங்கே படுக்கை ஏது? இதற்கு விடை சென்னையில் கிடைத்தது. 1956இல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், 193 ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவு சானடோரியத்தில். மற்றது நெருக்கடியான சொந்த வீட்டில், கிடைத்ததை உண்டு, முடிந்தபோது வேலைக்கும் போய். இரு பிரிவுக்கும் ஓராண்டு அதே மாத்திரைகள். ஊழியர்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நோய் அடங்கியோர் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86. வீட்டாருக்குத் தொற்றும் கூடவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் தேவையைக் குறைத்தது.

மருந்துகள் வந்த பின்னும் சில பத்தாண்டுகளில் நோய் மீண்டும் தலைதூக்கியது. அதற்கு மருந்தின் குறை முதற்காரணமன்று. நோய் ஒழிந்ததாக எண்ணி அரசுகள் நிதியைச் சுருக்கின. எச்.ஐ.வி. பரவியது. இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்தியவர்களின் உடலில் எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகள் பெருகின. அமெரிக்காவில் பல்லாண்டுகளாகக் குறைந்துவந்த நோயாளர் எண்ணிக்கை 1985க்குப் பின் ஏறியது. நியூயார்க்கில் மட்டும் 1992இல் 3,811 பேர். 1993இல் உலக சுகாதார நிறுவனம் உலகளாவிய அவசரநிலையை அறிவித்தது. ஊழியர் கண்ணெதிரே மாத்திரை விழுங்கவைக்கும் 'டாட்ஸ்' முறை பரவியது. அதன் வேர் சென்னை ஆய்வுகளில் உண்டு.

மருந்துக்கு மசியாத காசநோய்க்கு மாதக்கணக்கில் போடப்பட்ட ஊசிகள் பலரின் செவித்திறனைப் பறித்தன. பெடாகுயிலின் என்ற மருந்து சேர்ந்த ஆறுமாத மாத்திரைச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. நோய் உறுதியானதுமே எடை, கால்வீக்கம், மூச்சு வேகம், பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பதைப் பார்த்து, நலிந்தவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள்.