யாழ்ப்பாணத்தில் ஓட்டிசப் பிள்ளைகளுக்கான நடத்தைச் சிகிச்சையாளர் உருவாக்கம்: மொழியும் மேற்பார்வையும்

ஓட்டிசம் என்பது பிறரோடு தொடர்பாடும் முறையிலும் புலனுணர்விலும் வேறுபாட்டையும், சில செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்யும் இயல்பையும் கொண்ட வளர்ச்சிநிலையாகும். இலங்கையின் நகரஞ்சார்ந்த பகுதியொன்றில் 18 முதல் 24 மாதம் வரையான 374 குழந்தைகளை ஆராய்ந்து, ஹேமமாலி பெரேராவும் அவருடன் பணியாற்றியோரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 93 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தைக் கண்டது. மாதிரி சிறியதெனினும், குடாநாட்டில் இப்பிள்ளைகளோடு பணியாற்றுவோரை எவ்வாறு உருவாக்குவது என்ற வினாவை இனியும் தள்ளிப்போட இயலாது. அத்தகைய சிகிச்சையாளரை உருவாக்கவல்லது யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழில் நிகழும் நீண்ட மேற்பார்வையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

வெளிநாட்டுச் சான்றிதழ் என்னும் வழி பெருமளவு அடைபட்டுவிட்டது. நடத்தைச் சிகிச்சையின் அடிப்படையான நடத்தைப் பகுப்பாய்வு என்பது ஒரு செயலுக்கு முன் நிகழ்வதையும் பின் விளைவதையும் பதிந்து, அச்செயலால் பிள்ளை எதைப் பெறுகிறது எனக் கண்டறிந்து, அதே பயனைத் தரும் வேறொரு வழியைக் கற்பிக்கும் முறையாகும். இத்துறையினருக்குச் சான்றளித்துவந்த அமெரிக்கச் சபை 2023 தொடக்கம் மிகச் சில நாடுகளைத் தவிர ஏனையவற்றிலிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. நடத்தைப் பகுப்பாய்வு மரபும் அப்படியே எடுத்தாளத்தக்கதன்று. அம்மரபைச் சேர்ந்த ஐவர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 40 மணிநேரப் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளுள் 9 பேர் பொதுவகுப்பில் முதலாம் ஆண்டை நிறைவுசெய்தனர் எனக் கூறப்பட்டது. ஆயினும் பிள்ளைகள் எழுமாற்றாகப் பிரிக்கப்படவில்லை, பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடித்தலும் இடம்பெற்றன. பிரம்பின் நினைவு அகலாத சமூகத்தில் இத்தண்டனைப் பகுதி முற்றாக விலக்கப்பட வேண்டியது. கைகளை அசைத்துத் தன்னை ஆற்றிக்கொள்ளும் பிள்ளையின் அசைவை அடக்குவதும் சிகிச்சையாகாது.

மொழியே இங்கு மிக நுண்ணிய சிக்கல். தாகமெடுத்த பிள்ளையிடம் தாய் "தண்ணி வேணுமோ?" என நாள்தோறும் கேட்டுக் குவளையை நீட்டினால், கேட்டதையே மீளச் சொல்லும் எதிரொலிப் பேச்சுடைய பிள்ளை, தனக்குத் தாகமெடுக்கும்போதும் "தண்ணி வேணுமோ" என்றே சொல்லும், ஈற்றிலுள்ள ஓகாரம் வினாவென்று அதற்குத் தெரியாது. ஆகவே சிகிச்சையாளர் வினாவைத் தவிர்த்து, குவளை கண்ணிற் பட்ட கணத்தில், பிள்ளை சொல்லவேண்டிய வடிவத்தையே, "தண்ணி தாங்கோ" என்று, சொல்லிக் காட்டி, அதன் சிறு ஒலி எழுந்தவுடனேயே தண்ணீரைக் கொடுக்க வேண்டும். வேண்டியது உடனே கிடைப்பதால் அச்செயல் மீண்டும் நிகழும் வாய்ப்புப் பெருகுவதையே இத்துறையினர் மீளவலியுறுத்தல் என்பர். இவ்விடத்தில் "தண்ணீர் தாருங்கள்" என்ற எழுத்துநடையைக் கற்பித்தால், அம்மம்மாவின் வீட்டிலோ முன்பள்ளியிலோ எவரும் பேசாத ஒரு தொடரைப் பிள்ளை சுமந்துசெல்லும். "தா", "தாங்கோ" என்ற மரியாதை வேறுபாட்டை எப்போது புகுத்துவதென்பதும் ஆங்கிலப் பாடநூல் எதிலும் விடை காணமுடியாத வினா.

நிபுணரல்லாதோரைப் பயிற்றிப் பணியில் அமர்த்துவதற்கு உள்ளூரில் ஒரு முன்னுதாரணம் உண்டு. போர்க்காலத்தில் உளவைத்தியர்கள் மிகச் சிலரே இருந்த நிலையில், உளவைத்தியர் தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியோரும் ஆசிரியர்களையும் கிராமமட்டப் பணியாளர்களையும் பயிற்றினர்; யாழ்ப்பாணத்துச் சாந்திகம் என்னும் நிறுவனம் உளவளத்துணையாளரை உருவாக்கியது. ஓட்டிசத்திலும் இவ்வழி பொருந்துமென்பதற்கு, கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளோடு நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு சான்றாகும்: சிறப்புப் பட்டமில்லாத சுகாதாரப் பணியாளர்கள், பெற்றோர் பிள்ளையோடு விளையாடும் ஒளிப்பதிவை அவர்களுடனேயே இருந்து பார்த்து வழிகாட்டியபோது, பெற்றோரின் இசைவான துலங்கலும், பிள்ளை தானாகத் தொடர்பாடத் தொடங்குவதும் கூடின. அப்பணியாளரும் பயிற்சிக்குப் பின் தனித்து விடப்படவில்லை, தொடர்ந்து மேற்பார்க்கப்பட்டனர் என்பதே கவனிக்கத்தக்கது.

எனவே யாழ்ப்பாணத்தில் ஒரு பயிற்சிநெறி அமையுமாயின், விரிவுரை மணிகளிலும் பார்க்க, திருநெல்வேலியிலோ பருத்தித்துறையிலோ ஒரு வீட்டு விறாந்தையில் தாயுடன் அமர்ந்து கழித்த மணிகளே அதில் மிகுதியாகக் கணக்கிடப்பட வேண்டும். அங்கு பதிந்த காட்சியைப் பயிலுநரோடு மீளப் பார்த்து, எந்தக் கணத்தில் அவர் "வேணுமோ" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார் எனச் சுட்டக்கூடிய, அதே தமிழில் வளர்ந்த மேற்பார்வையாளர் ஒருவரையாவது முதலில் உருவாக்குவதே அந்நெறியின் முதற்செலவாக இருத்தல் வேண்டும்.