ஆலய முற்றம் யாருக்குரியது?

திருக்கோணேஸ்வரத்திற்குச் செல்லும் அடியவர் எவரும் பிரட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே செல்லவேண்டும். மலையுச்சியில் கோயில், மலையடியில் கோட்டை, கோட்டைக்குள் இன்றும் இராணுவம். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே அரண் எழுப்பினர். பின்வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். வழிபடச் செல்பவன் ஆயுதம் தாங்கியவனின் வாயிலால் நுழையவேண்டிய இந்நிலை, இத்துறைமுகப் பட்டினத்து மக்களாகிய நமக்குப் பழகிப்போய்விட்டது.

அவ்வழியே உயர்தர வகுப்பு மாணவர் சிலரை அழைத்துச் சென்றபோது, ஒருவன் என்னைக் கேட்டான்: "சேர், கோயில் வளவுக்குள்ள இருந்து போராடுற ஆக்களைக் கோயில்காரரே எழும்பிப் போகச் சொன்னால் போகத்தானே வேணும்?"

வளவு ஒருவருக்குரியது, உரியவர் போகச் சொன்னால் போவதே முறை. இது சாதாரண நியாயம். ஆனால் வரலாறு இவ்வளவு எளிதாக விடை கூறுவதில்லை.

2011ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள், இலண்டன் மாநகரின் தூய பவுல் பேராலய முன்றிலில் கூடாரங்கள் முளைத்தன. 2008இன் நிதி நெருக்கடியை விளைவித்த வங்கிகள் மக்களின் வரிப்பணத்தால் காப்பாற்றப்பட, சுமையை உழைக்கும் மக்கள் தாங்கவேண்டி வந்ததைக் கண்டித்தவர்களின் கூடாரங்கள் அவை. அவர்கள் நாடிச் சென்ற இடம் பேராலயமன்று. அதன் அருகிலுள்ள பங்குச் சந்தையே. ஆனால் பங்குச் சந்தை இருந்த சதுக்கம் தனியார் நிலம். நீதிமன்றத் தடையுத்தரவைக் காட்டிப் பொலிசார் வழியை அடைத்தனர். வேறு போக்கிடமின்றியே அவர்கள் ஆலய முன்றிலில் தங்கினர்.

மறுநாள் காலை, பேராலயத்தின் குருமாருள் ஒருவரான கைல்ஸ் ஃபிரேசர், படிக்கட்டில் அணிவகுத்து நின்ற பொலிசாரையே விலகிச் செல்லுமாறு கேட்டுக்கொண்டார். எனினும் ஒரு வாரத்துக்குள், தீ அபாயத்தையும் சுகாதாரத்தையும் காரணங்காட்டிப் பேராலயம் தன் கதவுகளை மூடியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது அவ்வாறு மூடப்பட்டது அதுவே முதல் முறை. போராட்டக்காரர் கூடாரங்களை மாற்றியமைத்து வழிவிட்டனர். ஒரு வாரத்தில் கதவுகள் திறந்தன. ஆனால் அவர்களை அகற்றுவதற்கான சட்ட நடவடிக்கைப் பேச்சும் உடன் எழுந்தது. திருச்சபையின் பெயரால் வன்முறை நிகழ்வதற்குத் தாம் உடன்படமுடியாதென்று கூறி, ஒக்டோபர் 27இல் ஃபிரேசர் பதவி துறந்தார். நான்கு நாட்களின் பின் பேராலயத் தலைவர் கிரேம் நோல்சும் விலகினார். பேராலயம் தன் சட்ட நடவடிக்கையை நிறுத்திக்கொண்டது. இலண்டன் நகராட்சியோ நிறுத்தவில்லை. 2012 பெப்ரவரி 28ஆம் நாள், நள்ளிரவு கடந்தபின், கூடாரங்கள் பிடுங்கி எறியப்பட்டன. ஆலயப் படிகளில் முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருந்தோரும் அகற்றப்பட்டனர்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. "போங்கள்" என்று கூறிய குரல் யாருடையது? பேராலயத்தின் அறக்கட்டளையில் நிதியுலகப் பிரமுகர் பலர் இடம்பெற்றிருந்தமை அக்காலத்திலேயே சுட்டிக்காட்டப்பட்டது. குரல் ஆலயத்தினுடையதாயினும், அதன் பின்னால் நின்ற நலன் எது என்பதை ஆராயாமல் நாம் நியாயம் கூற முடியாது.

இதற்கு நேர்மாறான காட்சியொன்றைத் தமிழகத்தின் தென்கோடி அதே ஆண்டில் கண்டது. கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்த மீனவ மக்கள், இடிந்தகரையின் லூர்து மாதா ஆலய முன்றிலில் பந்தலிட்டு அமர்ந்தனர். 2011 செப்டெம்பரில் 127 பேர் அங்கு உண்ணாவிரதம் தொடங்கினர். அப்பந்தல் மாதக்கணக்கிலன்றி ஆண்டுக்கணக்கில் நிலைத்தது. அரசு ஆலயத்தின்மீதும் கண் வைத்தது: தூத்துக்குடி மறைமாவட்டத்தோடு தொடர்புடைய தொண்டு அமைப்புகளின் வெளிநாட்டு நிதிக் கணக்குகள் 2012இல் முடக்கப்பட்டன. ஆயினும் பந்தல் பிரிக்கப்படவில்லை. ஏன்? போராடியவர் வேறு, ஆலயத்துக்குரியவர் வேறு என்றிருக்கவில்லை. பிடிபட்ட மீனில் ஒரு பங்கைக் கோயிலுக்கென ஒதுக்குவது அக்கடற்கரை ஊர்களின் பழைய வழக்கம். தாம் கட்டிய முற்றத்தில் தாமே அமர்ந்தவர்களை எழுந்துபோகச் சொல்வார் யார்?

அப்படியாயின், ஆலயத்தைக் கட்டியவர்க்கே முற்றம் உரியது என்று முடித்துவிடலாமா? அம்முடிபுக்கு வர நம் நாட்டு வரலாறு இடந்தரவில்லை.

1968ஆம் ஆண்டை எண்ணிப் பார்ப்போம். அவ்வாண்டுத் திருவிழாக் காலத்தில், யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அவர்களை வழிநடத்தியது, நாவலாசிரியர் கே. டானியல் அதன் முன்னணியில் நின்றோருள் ஒருவர். அவர்களைத் தடுத்து நின்ற கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரோ கல்லாதவரல்லர். கணிதப் பேராசிரியராகவும் சுதந்திர இலங்கையின் முதலாவது மந்திரிசபையில் மந்திரியாகவும் இருந்த சி. சுந்தரலிங்கம். "எங்கள் முன்னோர் கட்டிய கோயில், எங்கள் வழமை, போங்கள்" என்பதே தடுத்தோரின் வாதம். சாதி காரணமாக ஒருவரை வழிபாட்டிடத்திற்குள் புகவிடாது தடுப்பது, 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டப்படி குற்றம். அவர்மீது தொடரப்பட்ட வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது.

அதே 1968இல் திருகோணமலையில் நிகழ்ந்தது என்ன? உள்ளூராட்சி மந்திரியாயிருந்த மு. திருச்செல்வம், கோணேசர் கோயிற் சூழலைப் புனித பிரதேசமாக்குவது குறித்து ஆராயக் குழுவொன்றை நியமித்தார். பௌத்த பிக்கு ஒருவரின் எதிர்ப்பையடுத்துப் பிரதமர் டட்லி சேனாநாயக்கா அம்முயற்சியை நிறுத்தினார். திருச்செல்வம் பதவி துறந்தார்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். திருகோணமலையில், நம் கோயிலின் முற்றம் நமக்கு மறுக்கப்பட்டதென்று தமிழர் மனம் கொதித்தனர், அக்கொதிப்பு நியாயமானது. மாவிட்டபுரத்திலோ, தமிழரே தமிழரை முற்றத்தில் வைத்து "போ" என்றனர். முன்னதைக் கண்டித்தோருள் எத்தனை பேர் பின்னதையும் அதே குரலில் கண்டித்தனர்? தன் வாசலில் பிறரை மறிப்பவன், பிறர் வாசலில் தான் மறிக்கப்படுவதை அநீதியென்று கூறும் அருகதையை இழந்துவிடுகிறானன்றோ?

ஆதலால், உரிமைப் பத்திரத்தைப் பார்த்து விடை காண முடியாது. கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. போகச் சொல்பவர் எவர் சார்பில் சொல்கிறார்? போனால் அம்மக்களுக்கு நிற்க வேறு இடமுண்டா? அவர்கள் அமர்ந்திருப்பது தம்மினும் எளியவரின் வழியை அடைக்கிறதா?

மூன்றாவது கேள்வியை முற்போக்காளராகிய நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஆலயத்துக்கு வருபவர் எல்லாரும் ஆளும் வர்க்கத்தினர் அல்லர். பிள்ளையின் நோய் தீர நேர்ந்து வரும் தாயும், பிரேதத்தைச் சுமந்து வரும் ஏழையும் அம்முற்றத்துக்கு உரியவர்களே. அவர்களுக்கு வழிவிடுதல் போராடுவோரின் கடமை. இலண்டனில் கூடாரங்களை நகர்த்தி வழிவிட்டவர்கள் இதை உணர்ந்திருந்தனர். குருவோ தருமகர்த்தாவோ மனந்திறந்து வேண்டினால், அவருக்கு உரிய மறுமொழி வசையன்று, கலந்து பேசுதல். வழி விடுதல் வேறு. இடத்தை விட்டு ஒழிதல் வேறு.

முதலிரு கேள்விகளுக்கும் விடை நம் கண்முன்னேயே உண்டு. 2017 பெப்ரவரி 20ஆம் நாள், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றிலில் அமர்ந்தனர். மார்ச்சில் திருகோணமலைத் தாய்மாரும் தெருவோரத்தில் அமர்ந்தனர். கையில் பிள்ளையின் படம். தலைக்குமேல் தகரமோ தறப்பாளோ. அரச அலுவலகம் மனுவை வாங்கி வைத்துக்கொண்டது. ஆணைக்குழுக்கள் சாட்சியத்தைப் பதிந்து சென்றன. எல்லாக் கதவுகளும் அடைபட்டவர்களுக்கே கோயில் முற்றமும் தெருவோரமும் எஞ்சுகின்றன. அவர்களைப் பார்த்துப் போகச் சொல்பவர், எங்கே போவது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

அன்று கோட்டை வாயிலில் நின்று என் மாணவனுக்கு நான் முழு விடையும் கூறவில்லை. "போகச் சொல்பவர் யாரென்று முதலில் பார்" என்று மட்டும் சொன்னேன். அவன் காவலிலிருந்த சிப்பாயைப் பார்த்தான்; பின்னர் கோபுரத்தைப் பார்த்தான். மாவிட்டபுரத்துக் கதையையும் அவனுக்குச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாவிடில், அவன் சிப்பாயை மட்டுமே பார்க்கப் பழகிவிடுவான்.