ஒரு தேதியும் நான்கு நினைவுகளும்

மார்கழிப் பனி விலகாத காலைப் பொழுதொன்றில் மல்லசமுத்திரத்துக் கடைவீதியில் நடந்து கொண்டிருந்தோம். ஓரிடத்தில் எம்.ஜி.ஆர். படத்திற்கு மாலை சூட்டி, ஒலிபெருக்கியில் பழைய திரைப்பாடல்களை ஒலிக்க விட்டிருந்தனர். சற்றுத் தள்ளிப் பெரியார் படத்திற்கும் மாலை. அருகிருந்த கடையின் நாட்காட்டி டிசம்பர் 24 என்று காட்டியது. நம்மோடு வந்த மாணவன், "ஹஜ்ரத், இருவரும் ஒரே தேதியில் மறைந்திருக்கிறார்களே! இது பெரிய மனிதர்களைக் கொண்டு போகிற நாளோ?" என்று வினவினான்.

சிறுவனின் கேள்விதான், எனினும் எளிதில் தள்ளத் தக்கதன்று. ஸஃபர் மாதத்தைப் பீடை மாதமென்று அஞ்சி, ஒடுக்கத்துப் புதனன்று பரிகாரம் தேடும் வழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் இருந்ததே. அதன் வேரும் இக்கேள்வியின் வேரும் ஒன்றே அன்றோ?

அவன் அறிந்தவை இரண்டு. பெரியார் 1973 ஆம் ஆண்டு டிசம்பர் 24 அன்று வேலூர் மருத்துவமனையில் தமது 94 ஆம் வயதில் மறைந்தார். எம்.ஜி.ஆர். 1987 இல் அதே தேதியில் சென்னையில் காலமானார். இவற்றோடு வேறு இரண்டையும் சேர்த்துச் சொன்னோம். இசையுலகில் புகழ்பெற்ற முஹம்மது ரஃபி, பஞ்சாபின் கோட்லா சுல்தான் சிங் என்னும் சிற்றூரில் 1924 டிசம்பர் 24 இல் பிறந்தார். அதற்குச் சரியாக 400 ஆண்டுகளுக்கு முன்னர், 1524 டிசம்பர் 24 இல், போர்த்துகீசிய மாலுமி வாஸ்கோட காமா கொச்சியில் உயிர் துறந்தான். 2024 இல் ஒருவரின் நூற்றாண்டும் மற்றவனின் ஐந்நூறாவது நினைவு நாளும் ஒன்றாகவே வந்தன.

மாணவனின் வியப்பு இன்னும் பெருகிற்று. ஆனால் இந்த ஒற்றுமை ஏட்டளவில் நிற்பதேயாகும். காமா இறந்த காலத்தில் வழங்கியது பழைய ஜூலியன் கணக்கு. 1582 இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரி அதனைத் திருத்தி, அக்டோபர் 4 க்கு மறுநாளை 15 என்று குறிக்கச் செய்தார். அத்திருத்தத்தை முற்காலத்திற்கும் செலுத்திப் பார்த்தால், காமா இறந்தது 1525 ஜனவரி 3 என்றாகிவிடும். ஹிஜ்ரிக் கணக்கிலோ பெரியார் மறைந்தது துல்கஃதா மாதம்; எம்.ஜி.ஆர். மறைந்தது ஜமாதுல் அவ்வல். சந்திர ஆண்டு சூரிய ஆண்டினும் ஏறத்தாழ 11 நாட்கள் குறைவாதலின், ஒரு கணக்கில் கூடிய தேதிகள் மறு கணக்கில் கலைந்து போகின்றன. அவ்வாறாயின் நாளுக்கென்று தனியே ஒரு குணம் எங்கிருந்து வரும்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமைக் குழந்தை இப்ராஹீம் மதீனாவில் இறந்த அன்று சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அம்மறைவுக்காகவே கதிரவன் இருண்டதென்று மக்கள் பேசினர். மகனைப் பறிகொடுத்த துயரத்திலும் நாயகம் அவர்கள் அப்பேச்சை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள். எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ அவை கிரகணம் அடைவதில்லை என்று தெளிவுறுத்தினார்கள்.

பின்னர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஆண்டுக் கணக்கை வகுக்க முற்பட்டபோது, எதிலிருந்து தொடங்குவது என்னும் ஆலோசனை நடந்தது. நாயகத்தின் பிறப்பும் மறைவும் எண்ணப்பட்டன. முடிவில் தேர்ந்தது ஹிஜ்ரத்தை. உற்றார், ஊர், உடைமை யாவற்றையும் துறந்து மேற்கொண்ட அரிய செயலொன்றே நமது ஆண்டுக் கணக்கின் தொடக்கமாயிற்று.

இந்த அளவுகோலைக் கொண்டு அந்நால்வரையும் நோக்கினோம். பெரியாரின் கடவுட் கொள்கை நமக்கு உடன்பாடன்று. எனினும் மீலாது மேடைகளில் ஏறி இஸ்லாத்தின் சமத்துவத்தை அவர் பாராட்டிப் பேசியதையும், தீண்டாமைக்கு எதிராக இறுதிவரை உழைத்ததையும் மறத்தல் முறையாகாது. எம்.ஜி.ஆரை நம் பகுதியினர் முதலில் அறிந்தது திரையிலே. நமக்கு அண்மையிலுள்ள திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் வாயிலாக 1956 இல் வெளியிட்ட 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அரபுக் கதையின் நாயகனாக அவர் அதில் நடித்தார். ஆயினும் முதலமைச்சராக 1982 இல் அவர் விரிவாக்கிய சத்துணவுத் திட்டமே நம் கணக்கில் முதலில் நிற்பது. பசித்த பிள்ளையின் தட்டில் விழுந்த சோற்றுக்கு நிகரான நினைவுச் சின்னம் யாதுளது? ரஃபியோ, 1952 இல் வெளிவந்த 'பைஜு பாவ்ரா' படத்தில், ஷகீல் பதாயூனி எழுதி நௌஷாத் இசையமைத்த ஹிந்து பக்திப் பாடலைப் பாடினார். மூன்று முஸ்லிம்கள் உருவாக்கிய அப்பாடலை நாடு முழுதும் தன்னுடையதாக ஏற்றது.

காமாவின் கணக்கு வேறு. கடல்வழி கண்டவன் என்று பாடநூல்கள் போற்றும் அவன், 1502 இல் தன் இரண்டாம் பயணத்தின்போது, மக்காவிலிருந்து திரும்பிய 'மீரி' என்னும் கப்பலை மலபார்க் கடலில் மறித்தான். பொருளைக் கவர்ந்தபின், ஆண், பெண், குழந்தை என நூற்றுக்கணக்கானோரோடு அதனைத் தீக்கிரையாக்கினான். தாய்மார் தம் மழலைகளைத் தூக்கிக் காட்டி இரக்கம் வேண்டியதை, அவன் படையில் வந்த போர்த்துகீசியர் ஒருவரே எழுதி வைத்துள்ளார். போர்த்துகீசியர் மலபாரில் இழைத்த இத்தகைய கொடுமைகளை, பொன்னானியின் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்னும் அரபு நூலில் அதே நூற்றாண்டிலேயே பதிவு செய்தார்.

அம்மாணவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "ஹஜ்ரத், அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கு நினைவு நாள் எது?" என்று கேட்டான். எந்த நாட்காட்டியும் அவர்களுக்கு ஒரு தாள் ஒதுக்கவில்லை. பெரும்பாலோரின் பெயரும் நமக்கு எட்டவில்லை. அவன் தலையைத் தடவி, "நீ கேட்டாயே, இன்றே இருக்கட்டும்" என்றோம்.

இல்லத்தில் நாட்காட்டித் தாளைக் கிழிக்கும் பெற்றோரே! அது நல்ல நாளா, தீய நாளா என்று ஆராய்வதை விடுங்கள். அன்று நினைக்கப்படுபவர் செய்தது என்ன, அதனால் வாழ்ந்தவர் யார், மாண்டவர் யார் என்று பிள்ளைகளுக்கு எடுத்துரையுங்கள்.