கியர்க்கோல் குறுகிய கதை

நாடுகளின் வரலாற்றையும் மன்னர்களின் வரலாற்றையும் நீங்கள் பாடநூல்களிற் படித்திருப்பீர்கள். ஒரு முழ நீளங்கூட இல்லாத இரும்புக் கோலுக்கும் வரலாறு உண்டு என்றால் வியப்பீர்கள். மோட்டார் வண்டி ஓட்டுவோர் கையாற்பற்றி முன்னும் பின்னும் தள்ளுகிறார்களே, அந்தக் கியர்க்கோலைத்தான் சொல்கிறேன். அக்கோலைத் தள்ளும்போது கை செல்லும் தொலைவைக் குறைத்துவிட வேண்டும் என்ற ஆசை ஓட்டுவோர் பலருக்கு உண்டு. அதற்கென்றே 'ஷார்ட் ஷிஃப்டர்' என்ற பெயரில் தனி உறுப்பொன்று விற்கப்படுகிறது. இளமையில் அவ்வாசை என்னையும் பற்றியது. அதனால் நான் பட்ட பாட்டைச் சொல்லுமுன், அக்கோல் வந்த வழியைச் சிறிது காண்போம்.

பாரம் ஏற்றிய வண்டியை நின்ற இடத்திலிருந்து பெயர்க்க எருதுகள் எவ்வளவு முக்கி இழுக்க வேண்டியிருக்கிறது! உருளத் தொடங்கியபின் அவ்வளவு முயற்சி வேண்டுவதில்லை. மோட்டார் வண்டிக்கும் அப்படியே. ஆனால் எருதைப்போல வேண்டியபோது முக்கி இழுக்க எஞ்சினால் இயலாது. அது ஓரளவு விரைவாகச் சுழன்றால்தான் அதற்கு வலிமை உண்டு. ஆகவே சிறிய பற்சக்கரத்தைக் கொண்டு பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றி, வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்குகிறோம். வண்டி வேகம் கொண்டபின் வேறு சக்கர இணைக்கு மாறுகிறோம். இவ்வாறு பற்சக்கரங்களைத் தண்டின்மீது நகர்த்தி இணைக்கும் முறையை, 1890-களில், பிரான்சு நாட்டில் பனார்-லெவாசோர் வண்டிகளை வடிவமைத்த எமில் லெவாசோர் வழக்கிற் கொண்டுவந்தார்.

முறை எளியதே, ஆயினும் கையாள்வது கடினம். வெவ்வேறு வேகத்திற் சுழலும் இரு பற்சக்கரங்களை ஒன்றோடொன்று தள்ளினால் பல்லோடு பல் மோதிக் கறகறவென்று அலறும். அதைத் தவிர்க்க ஓட்டுநர் கிளட்சை ஒருமுறை மிதித்துக் கோலை நடுநிலைக்குக் கொணர்வார். காலை எடுத்து, எஞ்சின் வேகத்தைத் தக்கவாறு சரிசெய்வார். மீண்டும் கிளட்சை மிதித்து அடுத்த கியரிற் சேர்ப்பார். அக்கால வண்டிகள் பலவற்றில் கோலை ஒரே நேர்வரிசையில், ஒவ்வொரு கியராகக் கடந்துதான் நகர்த்த முடிந்தது. 1901-ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த மெர்சிடிஸ் வண்டியில், கோல் பக்கவாட்டிலும் நகர்ந்து வேண்டிய கியரின் பள்ளத்திற் சென்று விழும் அமைப்பு வந்தது. இன்று கோலின் தலைப்பில் எண்களோடு காணும் கோட்டுப்படம் அதன் வழித்தோன்றலே.

பின்னர் 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம், ஏர்ல் தாம்ப்சன் கண்டுபிடித்த 'சின்க்ரோமெஷ்' என்னும் அமைப்பைத் தன் வண்டிகளிற் புகுத்தியது. பற்கள் சேருமுன் கூம்பு வடிவான இரு பரப்புகள் ஒன்றோடொன்று உராய்கின்றன. அவ்வுராய்வினால் இரண்டின் வேகமும் ஒத்துப்போகின்றன. அதன்பின் பற்கள் ஓசையின்றிச் சேர்கின்றன. பிற்காலத்து அமைப்புகளில், வேகம் ஒத்துப்போகும்வரை பற்களை உள்ளே விடாமல் ஒரு பித்தளை வளையம் காவல் நிற்கும். இந்த வளையத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கதையில் இது மீண்டும் வரும்.

1930-களின் இறுதியில் அமெரிக்க வண்டிகளில் கியர்க்கோல் தரையைவிட்டு ஸ்டியரிங் தண்டின் பக்கத்திற்குக் குடிபெயர்ந்தது. முன்னிருக்கையில் மூவர் வசதியாக அமரலாம் என்பதே காரணம். நம் நாட்டில் ஓடிய அம்பாசடர், ஃபியட் கார்களிலும் பல்லாண்டுகள் அதே ஏற்பாடு இருந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். அங்கிருந்து கியர்ப்பெட்டிவரை பல கம்பிகளும் மூட்டுகளும் வேண்டும். மூட்டுகள் தேயத் தேயக் கோல் ஆட்டங் காணும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேகப் பந்தயத்தில் நாட்டங்கொண்ட அமெரிக்க இளைஞர்கள் இதைப் பொறுக்கவில்லை. கோலை மீண்டும் தரைக்கே கொண்டுவந்தனர். அவர்களுக்கென உறுதியான கியர்க்கோல்களைச் செய்து விற்றுப் புகழ்பெற்றவர் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹர்ஸ்ட். 1964-இல் பாண்டியாக் நிறுவனம் தன் 'ஜி.டி.ஓ.' வண்டியில் ஹர்ஸ்டின் கோலையே பொருத்தி விற்றது.

இனி என் கதைக்கு வருகிறேன். கல்லூரியிற் பயின்ற காலத்தில் ஒரு பழைய கார் என் கைக்கு வந்தது. அதன் கியர்க்கோல் நெடிது. தள்ளினால் கை வெகுதூரம் செல்லும். விலைக்கு வாங்கப் பணமில்லை. ஆகவே பட்டறையில் இரும்பறுக்கும் வாளை எடுத்துக் கோலின் மேற்பகுதியில் எட்டு சென்டிமீட்டர் அறுத்தெறிந்தேன். முனையில் மரை வெட்டி, கைப்பிடியை மீண்டும் திருகினேன். ஓட்டிப் பார்த்தபோது உள்ளம் துள்ளியது. மணிக்கட்டைச் சற்றே அசைத்தால் போதும், கியர் விழுந்தது! நண்பர்கள் வியந்தனர். அவர்கள் வியக்க வியக்க நான் இன்னும் விரைவாகத் தள்ளினேன்.

சில மாதங்கள் கழிந்தன. இரண்டாவது கியருக்கு மாற்றுந்தோறும் பெட்டிக்குள்ளிருந்து ஓர் உறுமல் எழுந்தது. எங்கள் பட்டறைப் பேராசிரியரிடம் சென்றேன். அவர் பெட்டியைப் பிரிக்கச் செய்து, பித்தளை வளையத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதன் உட்புறத்து நுண்வரிகள் தேய்ந்து மழுங்கியிருந்தன.

"தம்பி, நீ தூரத்தைக் குறைத்தாய், வேலையைக் குறைத்தாயா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

"கோலை அளந்து பார்" என்றார். அளந்தேன். கோல் ஊன்றிச் சுழலும் மையத்திற்குக் கீழே 4 சென்டிமீட்டர். மேலே முன்பு 24, இப்போது 16. முன்பு விகிதம் ஆறுக்கு ஒன்று. இப்போது நான்குக்கு ஒன்று. கீழ்முனை ஒரு சென்டிமீட்டர் நகர, முன்பு கை ஆறு சென்டிமீட்டர் சென்றது. இப்போது நான்குதான் செல்கிறது. ஆனால் கீழ்முனையில் அதே விசை கிடைக்க, கை ஒன்றரை மடங்கு வலிந்து தள்ள வேண்டும். ஆர்க்கிமிடீஸ் காலந்தொட்டு நெம்புகோல் எவருக்கும் இந்தக் கணக்கில் தள்ளுபடி தந்ததில்லை.

"வளையம் தன் உராய்வினால் வேகத்தை ஒத்துப்போகச் செய்வதற்கு ஒரு கணம் வேண்டும். கோலை அறுக்கலாம், அந்தக் கணத்தை அறுக்க முடியாது. அதைக் கொடுக்க மறுத்தாய், வளையம் தன் உடலைத் தேய்த்து அக்கடனை அடைத்தது" என்றார் அவர். குற்றம் குட்டைக் கோலுடையது அன்று, என் அவசரத்தினுடையது.

அன்று அவர் கற்பித்த முறையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மேற்பகுதியை அறுப்பது ஒரு வழி. மையத்தை உயர்த்தி அல்லது கீழ்க்கரத்தை நீட்டிச் செய்த புதிய கோலைப் பொருத்துவது சிறந்த வழி. கைப்பிடி தன் உயரத்திலேயே இருக்க, கோல் சாயும் கோணம் குறையும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கைத்தடையை இழுத்துவிட வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டையும் வைக்க வேண்டும். கோல் நடுநிலையில் இருக்கட்டும். கைப்பிடியைத் திருகிக் கழற்றி, தோலுறையையும் அதன் கீழுள்ள ரப்பர் உறையையும் நீக்கினால் கோலைப் பிடித்திருக்கும் திருகாணிகள் தெரியும். அவற்றைக் கழற்றிக் கோலை மேலே உருவலாம். திறந்த வாயில் மண்ணோ திருகாணியோ விழாமல் துணியால் மூடுங்கள். நைந்த புஷ்களை மாற்றி, மசகு தடவி, புதிய கோலை இறக்குங்கள். எஞ்சினை இயக்குமுன், ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியர்களும் முழுமையாக விழுகின்றனவா, கோல் எதிலேனும் இடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரைகுறையாக விழுந்த கியர் ஓட்டத்தின் நடுவே வெளியே துள்ளிவிடும்.

முடிக்குமுன் இரண்டு செய்திகள். கியர் மாற்றுவதை எளிதாக்கிய ஏர்ல் தாம்ப்சனே, பின்பு கையால் மாற்றும் வேலையையே ஒழித்த 'ஹைட்ரமாட்டிக்' தானியங்கிக் கியர்ப்பெட்டியை உருவாக்கிய குழுவிற்கும் தலைமை தாங்கினார். அது 1939-இல் விற்பனைக்கு வந்தது. பந்தயக்காரர்களின் கையில் விரைவான கோலைக் கொடுத்த ஜார்ஜ் ஹர்ஸ்டோ, விபத்தில் நசுங்கிய பந்தய வண்டியிலிருந்து ஓட்டுநரை வெளியே எடுக்க நெடுநேரம் ஆவதைக் கண்டு மனம் நொந்தார். எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கி, இரும்புக் கரங்களை விரித்து வண்டியின் உடலைப் பிளக்கும் மீட்புக் கருவியை அவர் உருவாக்கினார். இன்று உலகெங்கும் தீயணைப்பு வீரர்கள் அவ்வகைக் கருவிகளாலே உயிர்களை மீட்கின்றனர்.

இரண்டும் ஒரே விதியின் இரு முகங்கள் அல்லவா? குட்டைக் கோலில் நாம் விசையைச் செலவிட்டுத் தூரத்தை மிச்சம் பிடிக்கிறோம். மீட்புக் கருவியிலோ தூரத்தைச் செலவிட்டு விசையைச் சேர்க்கிறோம். அதன் கரங்கள் மெல்லத்தான் விரியும், ஆனால் இரும்பும் அவற்றின்முன் நில்லாது. எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்று அறிந்து செய்பவனே பொறிஞன். அறியாமற் செய்தவனுடைய தேய்ந்த வளையம் இன்றும் என் மேசைமீது இருக்கிறது.